ஏறும் கரையை முதலில் பாருங்கள்

திருநெல்வேலிக்காரர்களுக்கு டியூப் புதிதல்ல. பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய பழைய லாரி டியூப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய், அதைப் பிடித்தபடியே நீச்சல் படித்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அதற்கும் முந்தியவர்கள் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் எல்லோரும் இறங்கியது சொந்த ஊர்ப் படித்துறையில். எங்கே பாறை, எங்கே கசம், எந்த மாதம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை அப்பாவோ அண்ணனோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இன்று பலர் கேட்பது வேறு மாதிரி: இருபது பேர் வேனில் கிளம்பி, பழகாத ஊரில் இறங்கி, டியூப்பில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் ஆற்றோடு மிதந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும். நல்ல ஆசைதான். சொல்லிக்கொடுக்க அண்ணன் இல்லாத இடத்தில் அவர் வேலையை முன்கூட்டிய திட்டம் செய்ய வேண்டியிருக்கிறது.

எட்டு அணைக்கட்டுகளின் ஆறு

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது. பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டுமே இதற்குத் தண்ணீர் தருவதால் கோடையிலும் அடியோடு வற்றுவதில்லை. டியூப்பில் மிதக்க நினைப்பவருக்கு இது பெரிய கொடை. ஆனால் இந்த ஆறு முதலில் வயலுக்கானது, அடுத்து குடிநீருக்கானது. அந்த வேலைக்காக இதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. மேலிருந்து கீழாக வரிசை இது: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பழைய மன்னர் காலத்தவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1870களில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. இந்த எட்டுப் பெயரையும் பயணத்தை நடத்துகிறவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன்.

காரணம் உண்டு. டியூப்பில் உட்கார்ந்தால் கண் தண்ணீரிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில்தான் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் அணைக்கட்டு தெரியாது. ஆறு அமைதியாகி, அகன்று, எதிரே ஒரு நேர்கோட்டில் முடிவது போலத்தான் இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி வழிகிற தண்ணீர் கீழே விழுந்ததும் சுருண்டு, திரும்ப அணையின் அடியை நோக்கியே வரும். அதில் சிக்கிய ஆளையும் டியூப்பையும் வெளியே விடாமல் அங்கேயே உருட்டிக்கொண்டிருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதிலிருந்து மீள்வது கடினம். விழும் உயரம் நாலடிதான் என்று கரையில் நின்று பார்த்து யாரும் துணியக் கூடாது. அணைக்கட்டின் ஓரத்தில் கால்வாய் பிரியும் மதகுகளும் அப்படித்தான். ஷட்டருக்கு அடியில் இழுக்கும் விசை மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

ஆகவே இந்த அத்தியாயத்தின் முதல் விதி: எங்கே இறங்குவது என்று யோசிப்பதற்கு முன் எங்கே ஏறுவது என்று முடிவு செய்யுங்கள். ஏறும் கரை அடுத்த அணைக்கட்டுக்கு வெகு முன்னாலேயே இருக்க வேண்டும். அது படித்துறையாகவோ சரிவான மணற்கரையாகவோ, தண்ணீர் இடுப்பளவுக்கு மேல் போகாத இடமாகவோ இருக்க வேண்டும். அப்படி ஒரு கரை கிடைத்த பிறகு அங்கிருந்து மேல்நோக்கி நடந்து வந்து இறங்கும் இடத்தைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் முதல் முறை முந்நூறு, நானூறு மீட்டரைத் தாண்ட வேண்டாம். கரையில் நிற்பவர் கண்ணுக்கு முழுவதும் தெரிய வேண்டும். மிதந்து முடித்தவர்கள் டியூப்பைத் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்து வந்து மறுபடி இறங்கலாம். நீண்ட தூரம் ஒரு முறை போவதைவிட, குறைந்த தூரம் பல முறை போவதில் கூட்டத்துக்கும் சந்தோஷம் அதிகம், ஆற்றின் குணமும் பழகிவிடும்.

மாதமும் காலையும்

பிசானப் பயிருக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் தை, மாசி, பங்குனி மாதங்கள்தான் என் தேர்வு. மழை முடிந்திருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், அளவும் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. ஆனி, ஆடியில் சாரல் நன்றாக இருக்கும், ஆனால் மலையில் பெய்யும் மழை சொல்லாமல் வரும். அதிலும் ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் பாபநாசம் சாலையே நிரம்பிவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை டியூப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த ஆறு பெருவெள்ளமாகி என்ன செய்தது என்பதைக் கரையோர ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் குறைவு. பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே மணல் அள்ளிய பள்ளம் ஒன்றில் ஆள் மூழ்கிவிடும் காலமும் அதுதான். கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் நல்லகண்ணு தாமே வாதாடி, 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமிரபரணி மணல் குவாரிகளுக்குத் தடை வாங்கினார். அதற்கு முன் தோண்டியவையும் பிறகு களவாகத் தோண்டியவையும் ஆற்றின் அடியைப் பல இடங்களில் மேடும் குழியுமாக்கிவிட்டன.

மாதத்தைப் போலவே முக்கியம் அன்றைய காலை. திருநெல்வேலிப் பதிப்பு நாளிதழ்களில் 'அணை நிலவரம்' என்று ஒரு சிறு பெட்டி வரும். மாவட்ட நிர்வாகமும் தினமும் இதை அறிவிக்கிறது. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இன்றைய நீர்மட்டம், வரும் நீர், வெளியேறும் நீர் ஆகிய மூன்றையும் பாருங்கள். வரத்தும் வெளியேற்றமும் கன அடியில் இருக்கும். ஒரு கன அடி என்றால் நொடிக்குச் சுமார் 28 லிட்டர். ஆயிரம் கன அடி திறந்திருக்கிறார்கள் என்றால், நொடிக்கு இரண்டு தண்ணீர் லாரிக்கும் மேலாக ஆற்றில் கொட்டுகிறார்கள் என்று பொருள். ஒரு நாள் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. மூன்று நாள் கணக்கை வரிசையாக எழுதிப் பாருங்கள். வெளியேற்றம் ஏறிக்கொண்டிருந்தாலோ, அணை நிரம்பும் நிலையில் வரத்து கூடிக்கொண்டிருந்தாலோ, வேனுக்கு முன்பணம் கொடுத்திருந்தாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இருக்கிறது. அதை இயக்கும் நீரும் பாசனத்துக்குத் திறக்கும் நீரும் ஆற்றில்தான் வருகின்றன. காலையில் திறந்த நீர் கீழே வந்து சேர மணிக்கணக்காகும். நீங்கள் இறங்கும்போது முழங்கால் அளவு இருந்த இடம் பதினோரு மணிக்கு இடுப்பளவு ஆகலாம். மகாராஷ்டிரத்தில் கோலாடு என்ற ஊரில் குண்டலிகா ஆற்றில் மின்நிலையம் காலையில் விடும் நீரை வைத்துத்தான் ரப்பர் படகு விடுகிறார்கள். அங்கே நீர் வரும் நேரம் படகுக்காரர்களுக்குத் தெரியும், கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டியும் வருவார். தாமிரபரணியில் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள். அதற்குப் பதில் ஒரு எளிய வேலை: இறங்கியவுடன் கரையோரத் தண்ணீரில் ஒரு குச்சியை நட்டு, நீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டுவிடுங்கள். கரையில் இருக்கும் ஒருவர் கால் மணிக்கு ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். கோட்டுக்கு மேலே நான்கு விரல் ஏறினாலோ, தெளிந்த நீர் கலங்கி வந்தாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலோ எல்லோரும் கரையேற வேண்டும். மேலே வானம் நீலமாக இருக்கிறதே என்ற பேச்சுக்கு இடமில்லை. மழை பெய்திருப்பது மாஞ்சோலைக்கு மேலே ஊத்து, நாலுமுக்குப் பக்கமாக இருக்கும்.

எந்த இடம்

பாபநாசத்துக்கு மேலே டியூப் வேண்டாம். அகஸ்தியர் அருவி, காரையார், மணிமுத்தாறு அருவி எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. 1988இல் அமைக்கப்பட்ட அந்தக் காப்பகம்தான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பார்ப்பார்கள். அருவியில் நீர் கூடினால் குளிக்கவும் தடை போடுவார்கள். அங்கே குளிக்கலாம், பார்க்கலாம், திரும்பலாம். மிதப்பதற்கு அது இடமில்லை.

பாபநாசம் கோயில் படித்துறையில் டியூப்போடு இறங்குவதையும் தவிர்க்கச் சொல்வேன். பரிகாரம் என்று கட்டிய துணியை அங்கேயே ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் பழக்கத்தால், நீருக்கடியில் பாறை இடுக்குகளில் சேலையும் வேட்டியும் சுற்றிக் கிடக்கின்றன. காலில் சிக்கினால் உதறுவது எளிதல்ல. திருநெல்வேலி நகரத்தை ஒட்டிய பகுதியும் வேண்டாம். குறுக்குத்துறையும் கொக்கிரகுளமும் எவ்வளவு அழகான படித்துறைகள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நகரக் கழிவுநீர் சேரும் இடத்தில் மணிக்கணக்காக நனைந்து கிடப்பது உடம்புக்கு ஆகாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் பாப்பான்குளம் முதல் ஆறுமுகனேரி வரை தாமிரபரணி இடம்பெற்றது. கீழே போகப் போகத்தான் நிலைமை மோசம்.

மிச்சமிருப்பது நடுப்பகுதி: அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி முதல் சேரன்மகாதேவி வரை. வயல், தோப்பு, பழைய மண்டபங்கள், கல் படித்துறைகள் என்று ஆறு மிக அழகாக இருப்பதும் இங்கேதான். கடனாநதி வந்து சேரும் திருப்புடைமருதூரையும் பலர் சொல்வார்கள். நாறும்பூநாதர் கோயிலையும் அதன் கோபுர ஓவியங்களையும் பார்க்கக் கட்டாயம் போங்கள். ஆனால் இரண்டு ஆறு சேரும் இடத்தில் நீரோட்டம் அடிக்கடி திசை மாறும். அதோடு அந்த ஊர் மருதமரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக 2005இலேயே பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. டியூப்பும் விசிலும் கூச்சலும் அங்கே வேண்டாம்.

நடுப்பகுதியிலும் இன்ன படித்துறையில் இறங்குங்கள் என்று புத்தகத்தில் எழுதிவைக்க நான் விரும்பவில்லை. ஒவ்வொரு வெள்ளமும் அடியை மாற்றிவிடுகிறது. 2023க்கு முன் மணல் திட்டாக இருந்த இடம் இன்று வேறாக இருக்கலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு பேர் போய் இடத்தைப் பாருங்கள். போகும் நேரம் காலை ஏழு மணியாக இருக்கட்டும். அப்போதுதான் குளிக்கவும் துவைக்கவும் மாடு கழுவவும் ஊர்க்காரர்கள் வந்திருப்பார்கள். "அண்ணாச்சி, இங்க கசம் எங்க இருக்கு? கால்வாய் எங்க பிரியுது?" என்று கேளுங்கள். "அந்தப் பாறைக்குக் கீழ போயிராதிய, ஆளு ஆழம் கிடக்கு" என்று கையைக் காட்டிச் சொல்வார்கள். ஒருவரோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு பேரிடமும் கேளுங்கள். பெண்கள் துவைக்கும் துறைக்கும் கோயில் துறைக்கும் தள்ளியே உங்கள் இடம் இருக்க வேண்டும். கூட்டமாக வரப்போகிறோம் என்று முன்னாலேயே சொல்லி வைத்தால் ஊர்க்காரர்கள் பகையாகப் பார்க்க மாட்டார்கள். பிறகு ஒரு நீளக் கம்பை ஊன்றி, இறங்கும் இடத்திலிருந்து ஏறும் இடம் வரை கரையோரமாக ஆழம் பார்த்துக்கொண்டே நடந்து வாருங்கள். நாணலும் முள்ளும் கரையை அடைத்துக்கொண்டு நடக்கவே வழியில்லாத பகுதி என்றால் அதை விட்டுவிடுங்கள். உதவிக்கு ஓடி வரவும் அங்கே வழியிருக்காது.

டியூப், ஜாக்கெட், கயிறு

பழைய பஸ், லாரி டியூப்புகள்தான் இன்னும் நல்லவை. டியூப்லெஸ் டயர் வந்த பிறகு அவை குறைந்துவிட்டாலும் பஞ்சர் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஒட்டுப் போட்டவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் நீச்சல் வளையங்கள் குளத்துக்குச் சரி, ஆற்றுப் பாறையில் உரசினால் கிழிந்துவிடும். டியூப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் வால்வுதான் பலருக்கு விலாவில் கீறல் போடுவது. பழைய துணியை அதன்மேல் பல சுற்றுச் சுற்றி டேப்பால் ஒட்டிவிடுங்கள். காற்றை முழு இறுக்கமாக அடைக்காதீர்கள். வெயிலில் கறுப்பு ரப்பர் சூடேறி உள்ளே காற்று விரியும். கரையில் வைத்திருந்த டியூப்பில் அப்படியே உட்கார்ந்தால் தொடை பொசுங்கிவிடும், நனைத்துவிட்டு உட்காருங்கள்.

டியூப் இருக்கிறதே என்று லைஃப் ஜாக்கெட்டை விட்டுவிடுவதுதான் பெரும் ஆபத்து. கவிழ்ந்தால் முதலில் கையை விட்டுப் போவது டியூப். ஒவ்வொருவருக்கும், நீச்சல் தெரிந்தவருக்கும், உடம்புக்குப் பொருந்தும் ஜாக்கெட் வேண்டும். போட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறினால் அது தளர்வு. ஆளுக்கொரு ஜாக்கெட் கிடைக்கவில்லை என்றால் மிதப்பவர் எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்து பேருக்குத்தான் இருக்கிறதா, பத்துப் பத்துப் பேராக இறங்குங்கள்.

டியூப்பையும் ஆளையும் கயிற்றால் பிணைக்காதீர்கள். பல டியூப்புகளைச் சேர்த்துக் கட்டுவதும் கூடாது. பாறையிலோ மரக்கிளையிலோ ஒன்று மாட்டினால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். கயிறு கரைக்கு வேண்டும். இருபது மீட்டர் நைலான் கயிறு, அதன் நுனியில் ஐந்து லிட்டர் காலி கேன். கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடினால் வீசும்போது நேராகப் பறக்கும், விழுந்த பிறகு மிதக்கும். ஏறும் கரையில் இப்படி இரண்டு தயாராக இருக்கட்டும். எல்லோரும் இறங்குவதற்கு முன் கரைக்காவலர்கள் நாலைந்து முறை வீசிப் பழகிக்கொள்ளுங்கள்.

உடையைப் பற்றி ஒரு சொல். சேலை, வேட்டி, துப்பட்டா எதுவும் ஓடும் நீருக்கு ஆகாது. காலைச் சுற்றும், கனக்கும். டிராக் பேண்ட், டி-ஷர்ட் போதும். பாசிப்பாறைக்கும் உடைந்த பாட்டில் சில்லுக்கும் பின்னால் வாருள்ள செருப்பு அவசியம்.

கூட்டத்தை நடத்துவது

ஒருவர் பொறுப்பாளர். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்பதைக் கிளம்பும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேல் கரையில் ஒருவர், ஏறும் கரையில் நன்றாக நீந்தத் தெரிந்த இருவர், இவர்கள் முறை மாறும்வரை தண்ணீரில் இறங்குவதில்லை. மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். விசில் ஒருமுறை என்றால் நின்று பார், மூன்று முறை என்றால் கரையேறு. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஓட்டத்தில் மிதக்க விட வேண்டாம், படித்துறை ஓரத்தில் பெரியவர் கைக்குள் விளையாடட்டும். வலிப்பு, இதய நோய் உள்ளவர்களைத் தனியாகக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

குடித்தவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. லாவோஸ் நாட்டில் வாங் வியங் என்ற சிற்றூர், நாம் சோங் ஆற்றில் டியூப்பில் மிதப்பதற்காகவே உலகப் புகழ் பெற்றது. கரை நெடுக மதுக்கடைகள் முளைத்தன. 2011ஆம் ஆண்டில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் அங்கே இறந்தார்கள். அடுத்த ஆண்டு அரசு அந்தக் கடைகளை மூடியது. அந்த ஆறு ஒன்றும் மூர்க்கமானதல்ல. வேனில் பாட்டில் இருந்தால் அந்த வேன் ஆற்றுக்குப் போகக் கூடாது.

போக்குவரத்து எளிது. திருநெல்வேலி–செங்கோட்டை ரயில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் எல்லாவற்றிலும் நிற்கும். புதிய பேருந்து நிலையத்திலிருந்து பாபநாசம் பஸ்கள் இதே பாதையில்தான் போகின்றன. டியூப்போடு போகிறவர்களுக்கு வேன்தான் வசதி. ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் கரையில் இருக்கலாம். பதினோரு மணியோடு மிதப்பதை முடித்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரை, தயிர்ச்சோறு, துவையல் கட்டிக்கொண்டு போவதே நல்லது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்காமல் யாரும் வர மாட்டார்கள். சாப்பிட்ட பிறகு மறுபடி இறங்க வேண்டாம், மண்டப நிழலில் படுங்கள் அல்லது கோயிலுக்குப் போங்கள்.

தண்ணீரில்

டியூப்பின் குழியில் உட்கார்ந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி வையுங்கள். பாறை வந்தால் காலால் தள்ளலாம். கவிழ்ந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள். ஓடும் நீரில் கால் பாறை இடுக்கில் மாட்டினால் நீரே ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். மல்லாந்து, கால் முன்னால் போக மிதந்தபடி கரையை நோக்கிச் சாய்வாகக் கையை வீசுங்கள். தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் மரக்கிளையைக் கண்டால் தூரத்திலேயே விலகுங்கள். நீர் கிளைகளின் ஊடே போகும், ஆள் போக முடியாது.

ஒருவர் தத்தளித்தால் இன்னொருவர் குதிப்பதுதான் ஒரே இடத்தில் இரண்டு மூன்று உயிர் போவதற்குக் காரணம். கயிற்றை வீசுங்கள், கம்பை நீட்டுங்கள், டியூப்பைத் தள்ளிவிடுங்கள். வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 முறை மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். 108ஐ ஒருவர் அழைக்கட்டும். செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்பதை இடம் பார்க்கப் போன அன்றே குறித்துவையுங்கள். தண்ணீர் குடித்தவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கோ கூட்டிப் போய்விடுங்கள். நுரையீரலில் போன நீர் பல மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறவைக்கும்.

கிளம்பும் முன் சோப்பும் ஷாம்பூவும் போட்டு ஆற்றில் குளிப்பதை விடுங்கள். கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். கொண்டுவந்த இலை, கவர், அறுந்த செருப்பு, கிழிந்த டியூப் எல்லாம் வேனில் திரும்ப வேண்டும். ஒரு சாக்கை அதற்கென்றே எடுத்து வாருங்கள். டியூப்பில் காற்றை இறக்குவதற்கு முன் ஆட்களை எண்ணுங்கள். வேனில் ஏறிய பிறகு, இடம் மாறி உட்கார்ந்தவர்களையும் சேர்த்து, பெயர் சொல்லி இன்னொரு முறை எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக வந்த பிறகே டிரைவர் வண்டியை எடுக்க வேண்டும்.